அத்தை முடித்துவைத்த படம்

ஞாயிற்றுக்கிழமை செம்பூர் வீட்டில் மகள் லேப்டாப்பில் ஒரு பழைய ஆங்கிலப் படம் போட்டாள். கொன்று கடலில் வீசப்பட்ட மாலுமி ஒருவன், ஈரம் சொட்டச் சொட்டப் படியேறி வந்தான். அந்தச் சொட்டுச் சத்தத்திலேயே எனக்குப் புல்லரித்துவிட்டது.

இதே படத்தை முதலில் பார்த்தபோது தாராவியில் இருந்தோம், எனக்கு ஒன்பது வயது. தோல் பை தைக்கும் என் அத்தைக்கு காமிக்ஸ் என்றால் பைத்தியம். இந்த மாலுமியின் கதையை நான் பிறக்கும் முன்பே தமிழில் படித்திருந்தாள். அது படமாகி எங்கள் சந்து வீடியோ கொட்டகைக்கு வந்ததும், என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். தகரக் கூரை, பீடிப் புகை, வியர்வை நாற்றம். பெண்கள் நாங்கள் இருவர்தான். இங்கிலீஷ் யாருக்கும் புரியாததால், அத்தையே உரக்கக் கதை சொன்னாள்.

கடைசிக் கொலைகாரனின் கதவை மாலுமி தட்டும்போது கரண்ட் போனது. கொட்டகையே கத்தியது.

“சத்தம் போடாதீங்கல! கதவு தொறந்துட்டு!” என்று அத்தை இருட்டில் எழுந்து நின்றாள். பழிவாங்கிய மாலுமி வீட்டுக்குப் போய், பெண்டாட்டி கையால் சுடச்சுடச் சோறு சாப்பிட்டான் என்று முடித்தாள். விசில் கூரையைப் பிய்த்தது. கரண்ட் வந்தபிறகும் யாரும் மீதிப் படத்தைப் போடச் சொல்லவில்லை; “அக்கா, இன்னொருக்கா சொல்லு” என்றார்கள்.

ஆனால் மகளின் லேப்டாப்பில் அவன் தனியாகக் கடலுக்குள் இறங்கிப் போனான். உடனே அத்தைக்குப் போன் போட்டேன்.

“ஏட்டி, புஸ்தகத்துலயும் அப்படித்தான். அம்புட்டுப் பாடுபட்டவன ஈரத்தோட திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரல” என்றாள்.