பூஜை போட்ட ஸ்பானர்

பெங்களூர் அல்சூரில் பெருமாள்சாமியின் வீல் அலைன்மென்ட் கடைக்குக் கூரையென்று இருந்தது ஒரு தார்ப்பாய்தான். ஆனாலும் தொண்ணூற்றெட்டில் வேகப் பைத்தியம் பிடித்த பையன்களெல்லாம் அங்கேதான் வந்தார்கள். நல்ல காரைத் தரையோடு தாழ்த்த வேண்டுமாம், கெட்டியான ஸ்பிரிங் வேண்டுமாம், வளைவில் பிடிப்புக்கு முன்சக்கரம் உள்பக்கம் சாய வேண்டுமாம். பிழைப்புக்குச் செய்கிறேன் என்பார் பெருமாள்சாமி. பொய். அவருக்கும் அதில் ஆசை உண்டு.

அதனால்தான் மனைவி லட்சுமம்மாவின் ஒரே தம்பி விக்கி ஒரு பழைய காரோடு வந்தபோது அவர் மறுக்கவில்லை.

ஆயுதபூஜையன்று காலையில் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. ஷாக் அப்சார்பரின் அடியில் உள்ள இரண்டு போல்ட்டுகள்தான் சக்கரத்தின் சாய்வைப் பிடித்து நிறுத்துபவை. இடது பக்கம் முறுக்கியாயிற்று. வலது பக்க நட்டுகளைக் கையால் திருகிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்புவதற்குள் லட்சுமம்மா ஸ்பானர்களைத் துடைத்து அடுக்கி, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டாள்.

அவர் ஸ்பானருக்குக் கையை நீட்டினார்.

“ஐயோ, தொடாதீங்க! பூஜை போட்டாச்சு. நாளைக்குத்தான் எடுக்கணும்.”

விக்கியின் வண்டிக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல நாளில் வாக்குவாதம் எதற்கு என்று கையை இழுத்துக்கொண்டார். பாழாய்ப்போன நல்ல நாள்!

லட்சுமம்மா பொரி எடுக்க உள்ளே போன நேரத்தில் விக்கி வந்தான்.

“மாமா, கோயிலாண்ட போய் வண்டிக்கு மாலை போட்டுட்டு வந்துர்றேன்.”

“வலது பக்கம் இன்னும் டைட் வெக்கல. மெதுவா போ. மெயின் ரோடு பக்கம் போவாத.”

“சரி மாமா.”

இளரத்தம், புது ஸ்பிரிங், லீவு நாளில் காலியாகக் கிடந்த ஓசூர் ரோடு. போகாமல் இருப்பானா? பொம்மசந்திரா அருகே பிரேக் அடித்தபோது வலது சக்கரம் மடங்கி, கார் எதிரே வந்த லாரிக்கு அடியில் போய்விட்டது.

ஓவர் ஸ்பீடு என்றது போலீஸ். ஊரும் அதையே சொன்னது. காரியம் முடிந்த மறுநாள் லட்சுமம்மா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு ஸ்பானர் எடுக்க வந்தீங்களே, அவன் வண்டிக்கா? நான் தடுத்ததாலயா இப்படி ஆச்சு?”

 அதைக் கேட்டபின் அவரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

“அது வேற வேலைக்கு. அவன் வண்டில நட்டு டைட் வெக்க நான்தான் மறந்துட்டேன்.”

 அவள் எழுந்து போனாள். அதற்குப்பின் தட்டில் சோறு போடும்போதெல்லாம், “என் தம்பிய கொன்னுட்டு எப்படித்தான் எறங்குதோ” என்பாள். பெருமாள்சாமி போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.