இருபத்துமூன்று கைகள்

அர்ச்சுனன் த/பெ சன்னாசி. பிறப்பு: 9 மார்ச் 1962, மலேசியாவில் லிங்கியை அடுத்த ஒரு தோட்டத்தின் நான்காம் லயம். ரப்பர்ப் பாலுக்குப் பால்மரம் வெட்டியது பதினேழு ஆண்டு. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுத்தது இருபத்தோராண்டு. 1998 முதல் தோட்டத்துக் கோயிலின் செயலாளர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கப்போவதாக நிறுவனம் அறிவிப்பு ஒட்டிய நாள்: 4 பிப்ரவரி 2023. லயங்களில் அன்று குடியிருந்த குடும்பங்கள் இருபத்துமூன்று.

‘விற்பனை, பங்குதாரர் கூட்டத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்ற வரியை அர்ச்சுனன் மூன்று முறை படித்தார். கால் நூற்றாண்டாகக் கோயில் கூட்டத்தில் கை எண்ணியவர் அவர். கோபுரத்துக்கு ஆயிரம் வெள்ளி கொடுத்தவருக்கும் ஒரு கை. ஒன்றும் கொடுக்காதவருக்கும் ஒரு கை. வீடு வீடாகப் போய் வீட்டுக்கு ஓர் ஆளைத் திரட்டினார்.

சிரம்பானில் பங்குத் தரகு அலுவலகத்தில் எலெய்ன் என்ற பெண் எல்லோருக்கும் கணக்குத் திறந்தாள்.

“ஒரு லாட்டுக்குக் கொறஞ்சு வாங்க முடியாது அங்கிள். லாட்டுன்னா நூறு பங்கு. இன்னிக்கு வெல ஒரு வெள்ளி முப்பத்திரண்டு காசு.”

“ஆளுக்கு ஒரு லாட் போதும்மா.”

“அதுல வர்ற டிவிடெண்டு ஒரு கப் தே தாரே டீக்குக்கூடக் காணாதுலா.”

“கை தூக்கத்தான் வாங்குறோம்.”

கிண்டல் என்று நினைத்து எலெய்ன் சிரித்தாள். அர்ச்சுனனின் பக்கத்து வீட்டு மோகனா காதுத் தோட்டை அடகு வைத்துத் தன் லாட்டை வாங்கியிருந்தாள்.

ஏப்ரல் 28, கோலாலம்பூர் விடுதி ஒன்றின் கூட்ட அறை. வாடகை பஸ்ஸில் வந்திறங்கிய இருபத்துமூன்று பேரும் பின்வரிசைகளில் அமர்ந்தார்கள். முன்வரிசையில் கோட்டு அணிந்தவர்களை மோகனா எண்ணினாள்.

“பதினாலு தலதாண்ணே.”

அர்ச்சுனன் மூன்று மாதத்தில் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போது ஷங்கர் என்ற அலுவலர் உள்ளங்கை அளவுக் கருவியை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

“கை தூக்க வேணாமா தம்பி?”

“வேணாங்க ஐயா. பட்டன அமுக்குனா போதும். விக்கலாம்னா பச்ச, வேணாம்னா செகப்பு. பங்குக்கு ஒரு ஓட்டு.”

“தலைக்கு ஒண்ணு இல்லியா?”

“தலைய யாருங்க எண்ணுறாங்க?”

முன்வரிசையின் பதினான்கு பேரும் கோடிக்கணக்கில் பங்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்காக வந்திருக்கிறார்கள் என்பது அர்ச்சுனனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேரையும் அழைத்து வந்தவர் அவர். திரும்பிப் பார்க்க அஞ்சினார்.

“எத அமுக்கணும்ணே? சொல்லு, எல்லாரும் ஒன்னயத்தான் பாக்குறாங்க” என்றாள் மோகனா.

“செகப்பு” என்றார்.

பத்து நிமிடத்தில் திரையில் முடிவு வந்தது. விற்பனைக்கு ஆதரவு: 314,608,200. எதிர்ப்பு: 2,300.