மயிலின் கழுத்தும் ஓர் இணைச் செயலாளரும்

இதனை எழுதியே ஆக வேண்டும். தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குடியிருப்பில் நிகழ்ந்த ஒரு சிறு விபத்துக்கு ஒரே வாரத்தில் மூன்று காரணங்கள் பிறந்துவிட்டன. மின்னழுத்தம் தாழ்ந்தது என்கிறார் ஒருவர். தேக்கில் முடிச்சு இருந்தது என்கிறார் மற்றொருவர். கணிப்பொறியில் வைரஸ் என்பது மூன்றாமவரின் கண்டுபிடிப்பு. மூன்றும் பொய். நான் அங்கே இருந்தேன். நான்காவது பிறக்குமுன் உண்மையை அச்சேற்றிவிடுவது நலம்.

கீழ்வீட்டு நடராசன் நடுவண் அரசில் பிரிவு அலுவலர். பின்புற பால்கனியைக் கண்ணாடியிட்டு மூடிப் பட்டறை ஆக்கியவர். ஓராண்டுக்கு மேலாக அங்கே ஓர் இயந்திரம் உருவாகி வந்தது. கணிப்பொறியில் ஒரு படத்தை வரைந்து கொடுத்தால், சுழலும் கத்தி ஒன்று முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்ந்து அதை மரத்தில் செதுக்கும். சி.என்.சி. ரௌட்டர் என்பார் அவர். ‘கணிப்பொறிச் செதுக்கி’ என்று நான் பெயர் சூட்டினேன். இன்றுவரை அப்பெயரைச் சொல்பவன் நான் ஒருவனே.

மோட்டார்கள் மாயாபுரிப் பழைய இரும்புக் கடைகளில் உடைபட்ட அச்சுப்பொறிகளிலிருந்து வந்தன. கத்தி ஓடும் தடம், மேசை இழுப்பறையின் சட்டம். கோடு நேராக விழ ஐந்து மாதம் ஆயிற்று. வட்டம் முட்டையாகாதிருக்க மேலும் நான்கு. இடைக்காலத்து முட்டை வடிவச் சாவிமாட்டிகள் எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் தொங்குகின்றன. என் வீட்டில் இரண்டு.

இதுவரை குற்றமில்லை. தம் ஞாயிற்றுக்கிழமையை மரத்தூளாக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் நடராசன் அதைக் காட்ட ஆசைப்பட்டார். யாருக்கு? தம் துறையின் இணைச் செயலாளருக்கு. மேலதிகாரி கண்டு தலையசைக்காத எதுவும் இந்நகரில் நடந்ததாகக் கொள்ளப்படுவதில்லையே...

ஒரு மயிலைச் செதுக்கிக் காட்டுவது என்று முடிவாயிற்று; ஒட்டுப்பலகையில் என்றால் மதிப்பில்லையாம். தேக்கு வேண்டுமாம். வீட்டிலிருந்த தேக்கு ஒன்றே — அவர் மனைவி கோமதி அம்மையார் தென்காசியிலிருந்து கொண்டுவந்த கட்டிலின் தலைமாட்டுப் பலகை.

“மயிலு வரட்டும், வேண்டாங்கல. ஆனா கட்டில் கட்டிலாத் திரும்பி வரணும். எங்கப்பா முன்னால நின்னு செய்ய வச்சது,” என்றார் அம்மையார்.

“ரெண்டு மில்லிமீட்டர்தான் கோமதி. சும்மா மேலாப்புல.”

“உங்க வட்டத்தையெல்லாம் பாத்திருக்கேன்.”

ஆயினும் கொடுத்தார். கணவர் ஓராண்டு உழைத்ததையும் அவர் பார்த்திருக்கிறார் அல்லவா?

ஞாயிறு காலை பதினொரு மணி. இணைச் செயலாளருக்கு வீட்டின் ஒரே பிரம்பு நாற்காலி. நன்றாகத் தெரிய வேண்டுமென்று அதை இயந்திரத்தை ஒட்டி, சுவரோரம் போட்டார்கள். அந்தச் சுவரில்தான் அவசரத்துக்கு அழுத்தும் சிவப்பு நிறுத்தி இருந்தது. இப்போது அது பெரியவரின் தலைக்குப் பின்னால். ஒரு சார்புச் செயலாளரும் இரு பிரிவு அலுவலர்களும் பதவி வரிசை பிசகாமல் நின்றார்கள். ஓய்வு பெற்றவனாகிய எனக்கு மூலையில் ஒரு முக்காலி.

கத்தி சுழன்றது. மயிலின் கொண்டை வந்தது. கண் வந்தது. சொல்லக் கூசுகிறேன் — அழகாகவே இருந்தது.

கழுத்தில் இறங்கும்போது கத்தியைப் பற்றியிருந்த பிடி தளர்ந்தது. கத்தி சிறிது சிறிதாகக் கீழே நழுவியது. ஒலி தடித்தது. கருகும் வாடை எழுந்தது. நடராசன் முகம் வெளுத்தார்.

“சார்... ஒரு நிமிஷம் சார்...”

“கேரி ஆன் நடராசன். எங்களுக்காக நிறுத்தாதீங்க,” என்றார் இணைச் செயலாளர்.

“இல்ல சார், கொஞ்சம் ஆழமா போறாப்ல...”

“அச்சா, டீப் கார்விங். பியூட்டிஃபுல்.”

“ஆமா சார், டெப்த் நல்லா வருது,” என்றார் சார்புச் செயலாளர். புகை அவர் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

நடராசன் கையை உயர்த்தினார். நிறுத்தியை எட்ட வேண்டுமானால் இணைச் செயலாளரின் தலைக்கு மேலே கை செல்ல வேண்டும். பிரிவு அலுவலரின் கை அப்படிச் செல்லுமா? பாதி தூரம் சென்றது. பிறகு இறங்கித் தம் சட்டைப் பொத்தானைத் தடவியது.

சரி, நான்? இயந்திரத்தின் மின்செருகி என் காலருகில், ஒரு சாண் தொலைவில் இருந்தது. எனக்கு அங்கே மேலதிகாரி எவருமில்லை. என் ஓய்வூதியத்தை அந்த அறையில் எவராலும் நிறுத்த முடியாது. ஆயினும் அசையாமல் அமர்ந்திருந்தேன். இத்தனை பேர் பார்க்கிறார்களே, தெரியாமலா இருப்பார்கள் என்று எண்ணினேன். என் மீதமர்ந்த வெட்கத்துக்குப் பொருத்தமான சொல் எந்த அகராதியிலும் இல்லை.

காபித் தட்டோடு அம்மையார் வந்தார். ஒரு கணம் பார்த்தார். தட்டைச் சார்புச் செயலாளரின் கையில் திணித்தார், என்னருகே குனிந்தார், செருகியைப் பிடுங்கினார்.

“பந்த் பண்ணுங்கன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாயில்லையா? ஐயா, உங்க காலடியிலதான இருந்துது?”

மயிலின் கழுத்து இருந்த இடத்தில் துளை. அதன் வழியே தரை தெரிந்தது.

“லேர்னிங் எக்ஸ்பீரியன்ஸ், நடராசன். வோல்டேஜ் ப்ராப்ளமா இருக்கும்,” என்றார் இணைச் செயலாளர். காபியை முழுதும் அருந்திவிட்டே சென்றார்.

சொன்னதை மட்டும் செய்து, நிறுத்தென்று சொல்லும்வரை நிறுத்தாத ஓர் இயந்திரத்தை உருவாக்க நடராசனுக்கு ஓராண்டு ஆயிற்று. எங்கள் அலுவலகங்கள் இதே பொருளை மாயாபுரிக்குப் போகாமலே ஆயிரக்கணக்கில் செய்து தள்ளுகின்றன. கூடுதல் வசதியாக, அவை காபியும் குடிக்கும்.

பலகை கட்டிலுக்குத் திரும்பிவிட்டது. மரத்தூளும் பசையும் குழைத்துத் துளையை அடைத்துத் தருவதாக நடராசன் மன்றாடிப் பார்த்தார்.

“வேண்டாம், இருக்கட்டும். தெனம் காலைல எந்திரிச்சதும் உங்க கண்ணுல படட்டும்,” என்றுவிட்டார் அம்மையார். கூடவே சமையலறைச் சுவரில் இரண்டாவதாக ஒரு நிறுத்தியும் பொருத்தச் சொல்லியிருக்கிறார்.

நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன், பிழை கண்டவர்கள் அன்புகூர்ந்து திருத்துக. அன்று அவ்வறையில் இருந்தவர்களுள் எவருக்கேனும் தாம் எழுந்து கை நீட்டியதாக நினைவிருந்தால் உடனே எனக்கு எழுதலாம் — மேலதிகாரி மூலம், உரிய வழியாக அனுப்பத் தேவையில்லை.