காண்டாமிருகத்துக்கு ஓர் அர்ச்சனை

அந்த வெள்ளிக்கிழமைக்கு என் குறிப்பேட்டில் மூன்றே வரிகள். ‘மாலை கோயில். மழை இல்லை. காண்டாமிருக விஷயம் பிழையாய்ப் போனது.’ முப்பது வருடமாக நாள் தவறாமல் எழுதி வருகிறேன். பிழை யாருடையது என்பதை மட்டும் அன்று எழுதாமல் விட்டிருக்கிறேன். என்னுடையதுதான்.

விஷயம் என் மனைவியினுடையது. ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் அவள் சில சிநேகிதிகளோடு நேபாளம் போய் வந்தாள். அங்கே காட்டோர ஊர் ஒன்றில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது தெருவால் ஒரு காண்டாமிருகம் நடந்து வந்ததாம். கடைக்காரர் வாசலில் கிடந்த வாங்குப் பலகையை உள்ளே இழுத்து வழி விட்டாராம். “சந்தைக்குப் போற ஆள் மாதிரி, ஒருத்தரையும் பாக்காமல் போச்சு” என்று அதை லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொன்னாள். மறுநாள் அந்த மிருகங்களுக்குக் காவல் நிற்கும் ஆட்களையும் சந்தித்தாள். இரவு முழுக்க நடக்கிறவர்கள்; அவர்களது கிழிந்த சப்பாத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு மனம் கேட்கவில்லை.

திரும்பி வந்து சில மாதங்களில், காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்று இந்த அரசாங்கம் வெளிநாடுகளுக்குக் கொடுக்கும் உதவி குறைக்கப்படலாம் என்று பத்திரிகையில் வாசித்தாள். எங்கள் தொகுதி எம்.பி.க்கு இரண்டு கடிதம் போட்டாள். இரண்டு பதில் வந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திகதி ஒன்றுதான் வித்தியாசம். மூன்றாம் முறை நேரே அலுவலகத்துக்குப் போனாள். உதவியாளர் நல்ல பிள்ளை. இந்தத் தொகுதியில் வசிக்கும் ஐம்பது பேரின் பெயர், விலாசம், கையெழுத்தோடு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தால், எம்.பி. மந்திரியிடம் எழுத்தில் கேள்வி கேட்பார் என்றார். அதன்பின் பாராளுமன்றத்துக்கு நீண்ட விடுமுறை. அந்த வெள்ளியை விட்டால், உதவியைப் பற்றிய முடிவு கேள்விக்கு முன்னரே வந்துவிடும்.

ஐம்பது தமிழரை ஒரே இடத்தில் பிடிக்கக் கோயிலை விட்டால் வேறு இடமில்லை. அனுமதி வாங்கி, கெடுவுக்கு ஒரு வாரம் முந்திய வெள்ளி மாலை, அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் மேசையின் ஓரத்தில் தாள்களை வைத்தாள். தலைப்பில் ஒரு காண்டாமிருகப் படம். அதைக் கண்ட ஓர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“இது எந்தச் சாமியின்ர வாகனம், பிள்ளை?”

“ஒரு சாமியும் இன்னும் எடுக்கேல்லை, அன்ரி. அதுதான் பிரச்சினை” என்றாள் மனைவி.

மனைவி மடைப்பள்ளிக்கு உதவப் போகுமுன் என்னிடம் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, ஒரு மணித்தியாலம் இதில நில்லுங்கோ. அங்கால இங்கால போகாதேங்கோ.”

“ஓம்” என்றேன். பத்து நிமிடம் நின்றேன். எதிர்ச் சுவரில் கும்பாபிஷேகக் கல்வெட்டு. அதிலிருந்த மாதமும் என் குறிப்பேட்டில் இருந்த மாதமும் ஒத்துவரவில்லை என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக உண்டு. ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அங்கே இன்னொருவருக்கு மூன்றாவதாக ஒரு மாதம் ஞாபகத்தில் இருந்தது. நாங்கள் ஒரு முடிவுக்கு வந்து நான் திரும்பியபோது நான்கு தாள்கள் நிரம்பியிருந்தன. பெருமையோடு மனைவியிடம் கொடுத்தேன்.

“என்னப்பா இது?”

முதல் வரியில் அந்தக் கண்ணாடி அம்மா. பெயர் சரி. விலாசத்துக்குரிய இடத்தில் ரோகிணி, தபால் குறியீட்டுக்குரிய இடத்தில் இடபம். கீழே புருஷன், பிள்ளைகள், மருமகன், எல்லோரும் நட்சத்திரத்தோடு. சீட்டு மேசையில் தாள் கிடந்தால் எங்கள் ஆட்கள் வேறென்ன எழுதுவார்கள்? பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்ததைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஒருவர் மகள் சோதனை பாஸாக வேண்டும் என்றும் குறித்திருந்தார். கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

மேசையில் இருந்த தொண்டர் தாள்களை உள்ளே கொண்டுபோய்க் காட்டியுமிருக்கிறார். ஐயர் எல்லாப் பெயரையும் வாசித்து முடித்து, படத்தைக் காட்டி, “இவருக்கு என்ன நட்சத்திரம்?” என்றாராம்.

“தெரியாது, ஐயா.”

“அப்ப சுவாமி பேருக்குச் செய்வம்.”

அந்த அர்ச்சனையின் விபூதிப் பொட்டலம் என் கைக்கு வந்தது. மனைவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அதுக்கெண்டாலும் ஒண்டு நடந்துது” என்றாள்.

சனிக்கிழமை காலை என் குறிப்பேடுகளை இறக்கினேன். நாங்கள் போன கல்யாணம், குடிபுகுதல், செத்தவீடு எல்லாம் அதில் விலாசத்தோடு உண்டு. சாதகம் பொருத்திய வீடுகளின் நட்சத்திரமும் உண்டு; ஒரே பெயரில் இருவர் இருந்தால் அதை வைத்துப் பிரிக்கலாம். “உந்தக் குறிப்புகளை வச்சு என்ன செய்யப் போறியள்?” என்று வருடக்கணக்காகக் கேட்டவள் பென்சிலோடு எதிரில் உட்கார்ந்து கோயில் தாளை வாசித்தாள்; நான் விலாசம் தேடினேன்.

“அனுஷம், மகம், பிறகும் ஒரு மகம்.”

“ஸ்டேஷனுக்குப் பின்னால, பச்சைக் கதவு. இரட்டைப் பிள்ளையள்.”

“சுவாதி, தனி ஆள்.”

“அவர் ஸ்ட்ரெதம். வெட்டும்.”

தொகுதிக்கு வெளியே, தென்லண்டனிலிருந்து சாமி கும்பிட வந்தவர்களை எல்லாம் வெட்டினோம். மிஞ்சியவர்களின் வீடுகளுக்குப் புதுத் தாளோடு நடந்தோம். வீட்டுக்கு வீடு தேத்தண்ணீர். ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் கேட்டார்: “அர்ச்சனைதான் முடிஞ்சுதே, பேந்தென்ன கையெழுத்து?”

“அது சாமிக்கு, அண்ணை. இது மந்திரிக்கு” என்றாள் மனைவி.

“மந்திரி கொஞ்சம் கஷ்டமான ஆள்” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தை வைத்தார்.

வியாழன் பின்னேரம் எங்களையும் சேர்த்து நாற்பத்தொன்பது. மிச்சம் இருந்தது ரோகிணி என்று முதல் வரி எழுதிய கண்ணாடி அம்மா. வீடு எங்கள் தொகுதிதான்; அந்த வாரம் அவர் தென்லண்டனில், டூட்டிங்கில் மகள் வீட்டில் தங்கி நின்றார். மனைவி போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

“அப்ப நான்தானோ துவக்கி வச்சது?”

“ஓம், அன்ரி.”

“நாளைக்கு வாறன்.”

வெள்ளி மதியம் அலுவலக வாசலில் நின்றோம். எங்களுக்குரிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், இரண்டு ரயில் மாறி வந்த அம்மா ஒரு பை கத்தரிக்காயோடு வந்து சேர்ந்தார். என் குறிப்பேட்டின் மேல் தாளை வைத்து, ஆறுதலாக, அவசரப்படாமல், முழுப்பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்து வைத்தார். எம்.பி. தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். கேட்பதாகச் சொன்னார், கேட்டார்.

சில வாரம் கழித்து மந்திரியின் பதில் தபாலில் வந்தது. காவலருக்கான உதவி தொடரும் என்றிருந்தது. எத்தனை காலம் என்று இல்லை. மனைவி ‘தொடரும்’ என்பதன் கீழ் பென்சிலால் கோடு போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். எத்தனை காலம் என்று கேட்டு அடுத்த கடிதத்தையும் தொடங்கிவிட்டாள்.

பதில் வந்த வாரத்து வெள்ளி, கோயிலில் அவள் ஓர் அர்ச்சனைச் சீட்டு எடுத்தாள். பெயர் கேட்ட தொண்டரிடம் “காண்டாமிருகம்” என்றாள். அவர் சிரிக்காமல் எழுதினார்.

“நட்சத்திரம்?”

மனைவி யோசித்தாள். வரிசையில் பின்னால் நின்ற கண்ணாடி அம்மா எட்டிப் பார்த்தார்.

“என்ரயைப் போடு, பிள்ளை. ரோகிணி.”

வீட்டுக்கு வந்ததும் அந்தத் திகதியின் கீழ் எழுதிக்கொண்டேன்: காண்டாமிருகம், ரோகிணி, இடப ராசி. விலாசம் நேபாளம்.