சின்னம் இல்லாத ஓட்டு

கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

ஹூஸ்டனில் படிக்கும் என் மகள், ஜெர்மன் மாணவர்களோடு சேர்ந்து இரு நாட்டு அரசியலையும் ஒப்பிட்டு வலைப்பதிவு எழுதினாள். போன நவம்பரில் நான் போடும் முதல் அமெரிக்க ஓட்டைப் பற்றி எழுதப்போவதாக வாக்குச்சாவடி வாசலில் காத்திருந்தாள்.

உள்ளே ஓட்டு இயந்திரத் திரையில் எனக்குப் படிக்க வராத வெறும் ஆங்கிலப் பெயர்கள். ஊரில் சின்னம் பார்த்தே ஓட்டுப் போட்டவன் நான். சின்னத்தைத் தேடினேன். கேட்க வெட்கம். எதையும் அழுத்தாமல் வெளியே வந்தேன். ஓட்டுப் போட்டவர்களுக்கான ஸ்டிக்கரை என் சட்டையிலும் ஒட்டிவிட்டார்கள்.

"அப்பா, யூ டிட் இட்! ஸ்மைல்!" என்று படம் எடுத்தாள். சிரித்தேன்.

படத்துக்கு ஜெர்மனியிலிருந்து பாராட்டு குவிந்தது. "எப்படி டிசைட் பண்ணீங்கன்னு கேக்கறாங்கப்பா" என்றாள்.

"யோசிச்சுத்தான்" என்றேன். அதையும் எழுதிவிட்டாள்.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

14 மார்ச் 2009