மறுநாள் பண்டிகை

அந்த வீட்டுக்குப் பண்டிகை எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். ஊருக்கு வருஷத்தில் நான்கு பண்டிகை: வருஷம் பிறக்கும்போது ஒன்று, வெயில் முற்றும்போது ஒன்று, மழைக்கு முன்னால் ஒன்று, குளிருக்கு நடுவில் ஒன்று. நான்கிலும் தெருவே குளித்து, புதுத்துணி உடுத்தி, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும். மறுநாள் மற்ற வீடுகள் மிச்சத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கும்போது இந்த வீட்டில் மட்டும் புதிதாக அடுப்புப் பற்றும். "உங்க வீட்ல காலண்டர் லேட்டா வாங்குவீங்களாடி?" என்று மகளைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு அழவிட்டிருக்கிறார்கள்.

காரணம், வீட்டுக்காரருக்கு சப்ஸ்டேஷனில் வேலை. ஊருக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற இடம். பண்டிகை என்று பூட்டிவிட்டு வர முடியாது. யாராவது ஓர் ஆப்பரேட்டர் காலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்து, இரண்டு ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வரவேண்டும். இருபத்தெட்டு வருஷமாக அந்த யாராவது இவர்தான்.

"நான் என்ன பண்ணட்டும்? டியூட்டி போட்டுட்டாங்க," என்பார், செருப்பை மாட்டிக்கொண்டே. குரலில் துளி கரகரப்பும் சேர்த்துக்கொள்வார்.

"உங்களையே தேடிப் பிடிச்சுப் போடுறானே, அவன் வீட்ல அடுப்பு எரியுமா?" என்று மனைவி மேலதிகாரியைப் பிடித்துக்கொள்வாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஐந்து மேலதிகாரிகள் மாறினார்கள். அந்தச் சமையலறையில் வாங்கிய சாபத்துக்கு ஐந்து பேரும் இன்னும் நன்றாக இருப்பது ஆச்சரியம்தான்.

ஆச்சரியமும் இல்லை. பாவம், அவர்கள் யாரும் இவருக்கு டியூட்டி போடவே இல்லை.

ஆபீசில் அவருக்குப் பெயர் 'கைதூக்கி'. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் பட்டியல் போட எல்லோரும் கூடுவார்கள். "யாருப்பா அன்னைக்கு..." என்று அதிகாரி ஆரம்பித்து, கேள்விக்குறிக்கு வருவதற்குள் இவர் கை மேலே இருக்கும். மற்றவர்கள் முகத்தில் அப்போதே பண்டிகை வந்துவிடும்.

இது இப்படி ஆரம்பித்தது. கல்யாணமான பிறகு வந்த முதல் பண்டிகைக்கு மாமனார் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் பதினெட்டுப் பேர். "மாப்பிள்ளை பேசவே மாட்டேங்கிறாரே, பொண்ணு குடுக்கும்போது நாக்கைப் பார்த்தீங்களா சித்தப்பா?" என்று ஒரு மச்சான் கேட்க, கூடமே சிரித்தது. கூட்டத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத மனிதர் அவர். பையில் விட்டுப் பார்த்தார், பின்னால் கட்டிப் பார்த்தார், கடைசியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி ஒன்றைக் கழற்றி, மாலைவரை ரிப்பேர் பார்த்தார். அடுத்த பண்டிகைக்கு அந்தக் கைகளுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். ஒன்றைத் தூக்கிவிட்டார்.

கன்ட்ரோல் ரூமில் அன்றைக்கு ஈ, காக்காய் இருக்காது. டிரான்ஸ்ஃபார்மரின் முனகல் மட்டும். மணிக்கு ஒருமுறை மீட்டர்களைப் பார்த்து வோல்ட், ஆம்பியர், எண்ணெயின் சூடு என்று நோட்டில் எழுதினால் போதும். ஊர் கொண்டாடுவதை அவர் முள்ளில் பார்த்தார். விடியற்காலையில் முள் விருட்டென்று ஏறினால் ஊர் குளிக்கிறது. மதியம் இறங்கினால் ஊர் தூங்குகிறது. பொழுது சாய்ந்ததும் நுனிவரை போய் நடுங்கினால் எல்லா வாசலிலும் விளக்கு. அவர் தெருவுக்குப் போகிற லைனுக்கும் அங்கே ஒரு மீட்டர் உண்டு. அதன் முள்ளும் நடுங்கும். அந்தத் தெருவில் ஒரே ஒரு வீடு வாசல் விளக்குப் போடாமல் இருந்தால் அந்த முள்ளுக்குத் தெரியாது. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நன்றி மறக்காத சகாக்கள் கெடுத்தார்கள். பதினொரு மணியிலிருந்து ஸ்கூட்டர் ஸ்கூட்டராக வரும். "அண்ணே, வீட்ல குடுத்தாங்க, மிச்சம் வைக்காம சாப்பிடணுமாம்." ஒன்று, இரண்டு, மொத்தம் ஏழு வீட்டுக் கேரியர். மேஜையில் வரிசையாக அடுக்கிவைத்து, நிதானமாக, யாரும் 'பேசுங்களேன்' என்று நச்சரிக்காத பரம சுகத்தில், ஏழு வீட்டுப் பண்டிகையையும் ஒற்றை ஆளாகச் சாப்பிட்டு முடிப்பார்.

மறுநாள் மனைவி விடியலிலேயே எழுந்து, சமைத்து, தட்டு வைத்து எதிரே உட்காருவாள். இவர் இரண்டு வாய் வைப்பார். மூன்றாவது இறங்காது.

"ஏங்க, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. வயிறு சரியில்ல. கண்ணு முழிச்சது."

அவள் அதை ஒரு தடவைகூட நம்பவில்லை. குழம்பில்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டினாள். அடுத்த முறை உப்பைக் குறைத்தாள், இரண்டே வாய். காரத்தைக் கூட்டினாள், இரண்டே வாய். அக்காவிடம் கேட்டாள், பக்கத்து வீட்டுத் தையல்காரி அக்காவிடம் கேட்டாள், புளிப்பை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள், பாத்திரத்தையே மாற்றினாள். வருஷத்துக்கு நான்கு முறை பரீட்சை எழுதி நான்கு முறையும் தோற்றாள். மற்ற நாளில் அதே கை சமைத்ததை மனிதர் வழித்துச் சாப்பிடுவதுதான் அவளுக்குப் புரியாத புதிர். பண்டிகைச் சமையல் தன் கைக்கு வராது என்று கடைசியில் அவளே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். அதையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஓய்வு பெற்ற நாளன்று ஆபீசில் கூட்டம் வைத்தார்கள். மனைவி இரண்டாவது வரிசையில், மகளோடு. சுவர்க்கடிகாரம் ஒன்று பரிசு. இனி நேரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத மனிதனுக்கு ஏன் எல்லோரும் கடிகாரமே தருகிறார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். இளைய ஆப்பரேட்டர் ஒருவன் மைக்கைப் பிடித்தான். உண்மையான அன்போடுதான் பேசினான், அதுதான் வினை.

"அண்ணி இருக்காங்க, அவங்க முன்னாடி சொல்லியே ஆகணும். எங்களுக்கெல்லாம் பண்டிகைன்னா அண்ணன் போட்ட பிச்சை. யாரும் கேக்க மாட்டோம், அவராத்தான் கையைத் தூக்குவாரு. சார் ஒரு தடவை, 'போய்யா, இந்த வருஷமாச்சும் வீட்ல இரு'ன்னு பேரை அடிச்சே விட்டாரு. சண்டை போட்டு எழுதிக்கிட்டாரு! நாங்களும் சும்மா விடலைங்க அண்ணி. ஏழு வீட்டுக் கேரியர்! ஒரு பருக்கை மிச்சம் வச்சதில்ல!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியும் கைதட்டினாள், மற்றவர்கள் நிறுத்தியபோது நிறுத்தினாள்.

வண்டியில் திரும்பும்போது கடிகாரம் அவள் மடியில் இருந்தது. பாதி தூரம் வந்ததும் கேட்டாள்:

"ஏழா?"

"எல்லாத் தடவையும் ஏழு இல்ல," என்றார் அவர். "சில தடவை அஞ்சுதான்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப உப்பு சரியாத்தான் இருந்துச்சு," என்றாள் மனைவி. அது கேள்வி இல்லை.

அதன்பின் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

மழைக்கு முந்தைய பண்டிகை வந்தது. இந்த ஒரு நாளையாவது அவளோடு ஒழுங்காகக் கொண்டாடிவிட வேண்டும் என்று ஒரு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். விடியலில் குளித்து, புதுச்சட்டை போட்டு, கூடத்தில் வந்து நின்றார். அடுப்பு சில்லென்று கிடந்தது. மனைவி வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"தையல்கார அக்கா வீட்டுக்கு. வருஷா வருஷம் அங்கதான் போவேன்."

அவருக்கு இது புதுச்செய்தி. முதல் சில வருஷங்கள் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையோடு உட்கார்ந்திருந்தவளைத் தையல்காரி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாளாம். அன்றிலிருந்து அங்கே நாலு பெண்கள், சீட்டாட்டம், சிரிப்பு. அவளுக்கென்று ஒரு தட்டே இருக்கிறதாம்.

"நம்ம பண்டிகை?"

"நாளைக்குத்தானே? பொண்ணு இன்னைக்கு மாமியார் வீட்ல இருந்தாகணும். நமக்கு நாளைக்குன்னு பேசித்தானே கட்டிக் குடுத்தோம். மறந்துட்டீங்களா?"

"நானும் வரட்டுமா அங்க?"

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி அவரைப் பார்த்தாள். பார்வையில் கோபம்கூட இல்லை. "அங்க ஒரே பேச்சும் சத்தமுமா இருக்கும். உங்களுக்குக் கூட்டம் ஆகாதுல்ல?"

வெறும் வீட்டில் கடிகாரம் அடிப்பதைப் பதினொரு மணிவரை கேட்டார். பிறகு கால்கள் தாமாகவே சப்ஸ்டேஷனுக்குப் போயின. மைக் பிடித்த அதே இளைஞன் மேஜை முன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க போனதும் சீட்டுக் குலுக்குறோம்ணே. என் தலையில விழுந்துச்சு. ஒரு பயலும் கேரியர் அனுப்பல, பாருங்க! என் பொண்டாட்டி அனுப்பினது ஒண்ணுதான். உட்காருங்க, ஆளுக்குப் பாதி."

மூடியைத் திறந்தான். வாசனை அவரை இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தோடு இழுத்தது. நாற்காலியைக்கூட நகர்த்திவிட்டார்.

"வேண்டாம்பா," என்றார். "நாளைக்கு வீட்ல சாப்பாடு."

"நாளைக்குச் சாப்பாட்டுக்கு இன்னைக்கே பட்டினியாண்ணே?"

அவர் தன் தெரு மீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தார். அன்று முழுக்கத் தண்ணீரும் டீயும்தான்.

மறுநாள் மகளும் மருமகனும் வந்தார்கள். மனைவி தட்டு வைத்தாள். இந்த முறை எதிரே உட்காரவில்லை. பரிமாறிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் பசியோடு முதல் வாய் வைத்தார், இரண்டாவது வைத்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்றாவதும் வைத்தார். அப்போதுதான் நாக்குக்கு உறைத்தது. புளிப்பு ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம், எதற்கென்றே தெரியாத ஒரு தித்திப்பு நடுவில். குறையே இல்லாத ஒன்றை அத்தனை வருஷம் சரிசெய்துகொண்டே போனால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

தட்டை வழித்துச் சாப்பிட்டார். மறுபடியும் கேட்டு வாங்கினார். மகள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"ஏம்மா," என்றார் மனைவியிடம், தயங்கித் தயங்கி. "கல்யாணம் ஆன புதுசுல, மொத மொதல்ல இந்த வீட்ல பண்டிகைக்குச் செஞ்சியே... அடுத்த தடவை அதே மாதிரி செய்யேன்."

அவள் கரண்டியோடு திரும்பினாள். நிஜமாகவே யோசித்தாள்.

"எப்படிச் செஞ்சேன்னு மறந்துபோச்சுங்க. எத்தனையோ மாத்தியாச்சு. நீங்க சொல்லுங்க, அது எப்படி இருந்துச்சு?"

அவர் வாயைத் திறந்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்டது இரண்டே வாய், அதுவும் ஏழு வீட்டுச் சாப்பாட்டுக்கு மேலே. ஒரு சின்ன ருசியாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நாக்கைச் சுழற்றித் தேடினார்.

"சொல்லுங்க," என்றாள் அவள், கரண்டியைக் கீழே வைக்காமல்.