கைகூப்பியவருக்குக் காட்டிய ஆந்தை

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஜனக்புரியிலிருந்து மெட்ரோ பிடித்து ஓர் இயற்கைப் பூங்காவுக்குக் கிளம்பினேன். டெல்லியில் எளிதில் கண்ணில் படாத கொம்பன் ஆந்தை அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"காலங்காத்தால ஆந்தை மூஞ்சியில முழிக்கவா போற?" என்றார் கணவர்.

நெடுநேரம் தேடி, ஒரு பாறை இடுக்கில் அதைக் கண்டுபிடித்தேன். பூரித்துப்போய் நின்றபோது ஒருவர் அருகில் வந்து, என்ன பார்க்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். விரல் நீட்டிக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "லட்சுமி மாதாவின் வாகனம், பெஹன்ஜி" என்றார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டும் பறவையை இங்கே கும்பிடுகிறார்களே என்று எனக்கு மனம் நிறைந்துபோனது.

மறுநாள் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். பாறையடியில் அறுந்த வலையும் இறகுகளும் கிடந்தன.

"தீபாவளி ராத்திரி மந்திரவாதிங்க இதைப் பலி கொடுப்பாங்க. லட்சுமி வருவாளாம்" என்றார் காவலாளி. "யாரோ இடத்தைக் காட்டிக் கொடுத்திருக்காங்க."

கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

நானும் ஒரு கல்லை எறிந்திருந்தால் அது பறந்துபோய்ப் பிழைத்திருக்கும். இப்போதெல்லாம் பூங்காவில் யார் கேட்டாலும், எதுவும் கண்ணில் படவில்லை என்றுதான் சொல்கிறேன். செருப்பைக் கழற்றுகிறவர்களிடம் இரண்டு முறை சொல்கிறேன்.